ஒரே பாவுக்கு இரண்டு கூலி

தேசூரிலிருந்து பாவு பிணைக்க ஆரணிக்கு வருகிற பெண் ஒருத்தி மூன்று மாதங்களுக்கு முன்பு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கலைவாணி என்று பெயர் சொன்னாள். அதற்கு முன் அவளை நான் பார்த்ததில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஊருக்கு ஊர் கூலி மாறும்னு மொதல்ல ஒத்துகினது நீங்கதானாமே, பெரிம்மா?"

எனக்குப் புது ஆள் முன்னால் எப்போதும் வாய் வராது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கள வேலைக்கு அனுப்பற மல்லிகாக்கா சொல்றாங்க. எங்களுக்கு மட்டும் ஏங்கா கூலி கம்மின்னு கேட்டா, 'நான் இன்னா பண்றது, ஜெயாக்கா போட்ட ரூலு. போய் அத்தையே கேளு'ன்றாங்க. அதான் கேக்க வந்தேன்."

அவள் சண்டை போட வந்தவள் போலவும் தெரியவில்லை, அழ வந்தவள் போலவும் தெரியவில்லை. ஒரு இழை எங்கே மாறிப்போனது என்று தேடுகிறவள் போலத்தான் இருந்தாள். "ஆமாம், நான்தான்" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்சுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அன்று சொல்ல வராததைத்தான் இப்போது எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். காகிதம் திரும்பிப் பார்க்காது.

பாவு பிணைப்பது என்றால் என்ன என்று ஆரணியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற இழைகள், நெய்து முடிந்ததும், இழைகளைப் பிரித்து நிறுத்துகிற அச்சுக்குள்ளும் விழுதுக்குள்ளும் நுழைந்திருக்கிற கடைசி முழத்து இழைகளை அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்தப் பழைய இழைகளோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சு அச்சில் மாட்டும். சலித்த சாம்பலைக் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையையும் சேர்த்து ஒரு திருகு, ஒரு மடிப்பு. ஒரு பட்டுச் சேலைப் பாவில் நாலாயிரம் இழைக்குக் குறையாது. நாலாயிரம் திருகு. ஒன்று மாறிப் பிணைத்தால் சேலை முழுக்க ஒரு கோடு ஓடும். அவசரப் பாவு என்றால் இரண்டு பேர் உட்காருவோம். ஒருத்தி இடது ஓரத்திலிருந்து, இன்னொருத்தி வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவில் வந்து சந்திப்போம்.

பதினோரு வயதில் என் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கற்றேன். முதல் வருடம் சாம்பல் சலித்தேன். இரண்டாம் வருடம் பருத்திப் பாவு, மூன்றாம் வருடம் பட்டு. கல்யாணம் ஆனது, ஒரு மகன் பிறந்தான், வீட்டுக்காரர் சீக்கிரம் போய்விட்டார். விரல் நிற்கவில்லை.

நான் நிறைய வருடம் வேலை செய்தது ஒரு பட்டு முதலாளியின் கொட்டகையில். அவருக்கு ஆரணியில் ஒரு கொட்டகை, காஞ்சிபுரத்தில் ஒரு கொட்டகை. இரண்டு இடத்துச் சேலையும் ஒரே அட்டைப்பெட்டியில் ஒரே சென்னைக் கடைக்குப் போகும். முதலாளியை நாங்கள் பொங்கலுக்குத்தான் பார்ப்போம். மற்ற நாளெல்லாம் மேனேஜர் ஏகாம்பரம்தான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். சட்டை ஜோபியில் எப்போதும் ஒரு பென்சில், ஒரு பிளேடு. ஆள் பேசும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார், பென்சில் சீவிக்கொண்டே இருப்பார். பேசி முடித்தால்தான் சீவுவது நிற்கும். அதனால் பலபேர் பாதியிலேயே தடுமாறி எழுந்து வந்துவிடுவார்கள். எங்களை "வாம்மா, போம்மா" என்பார். கோபம் வந்துவிட்டால் "வாங்க, உக்காருங்க, சொல்லுங்க" ஆகிவிடும். மரியாதை கூடக்கூட நாங்கள் ஒரு அடி பின்னால் போவோம்.

பிணைப்பைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி உண்டு. கண்ணால் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பிணைத்த வரிசையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாக ஓட்டுவார். எங்காவது தடிப்பு இருந்தால் விரல் நிற்கும். "இங்க யாரு தூங்கினது?" என்பார். அவ்வளவுதான். யார் பிணைத்தது என்று மற்றவர்களிடம் விசாரிக்க மாட்டார். எங்களுக்கே தெரியும், அவருக்கும் தெரியும். நல்ல பிணைப்பு என்றால் ஒரு "ம்". முப்பது வருடத்தில் அந்த "ம்" எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. அதற்காக வேலை செய்தேன் என்றுகூடச் சொல்வேன்.

காஞ்சிபுரத்தில் பிணைக்க ஆள் பற்றவில்லை என்று என்னை இரண்டு வருடம் அங்கே அனுப்பினார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு அறை, பொதுக் குழாய், மூன்று வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அங்கே ஒரு பாவுக்குக் கொடுத்த கூலியைப் பார்த்து முதலில் தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அத்த வெச்சிகோ, இங்க அதான் ரேட்டு" என்று சிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஆரணிக்குத் திரும்பினேன். அதே முதலாளி, அதே பட்டு, அதே விரல். கூலி மட்டும் பழையபடி இறங்கிவிட்டது.

இதை நான் சும்மா பேச்சுவாக்கில் மல்லிகாவிடம் சொன்னேன். மல்லிகா என் ஜோடி. அவசரப் பாவென்றால் அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய் மட்டும் அறுபது வயது. அவளிடம் சொன்னால் கொட்டகைக்கே சொன்ன மாதிரி. மறுநாள் காலையில் ஒன்பது பெண்கள் மேனேஜர் மேசை முன்னால் நின்றோம். நான் கடைசியில், தூண் மறைவில்.

மல்லிகா பேசினாள். மேனேஜர் பென்சில் சீவினார். அவள் முடிக்கிறவரை சீவினார். பிறகு பிளேடை மடித்து வைத்தார்.

"காஞ்சிபுரம் பெரிய ஊருங்க. அங்க எல்லாம் வெல ஜாஸ்திங்க. ஆரணியில குடித்தனம் பண்ண இன்னாங்க செலவாவுது?"

மூன்று 'ங்க'. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

"ரெண்டு ஊர்லயும் குடித்தனம் பண்ணவங்க யாருங்க இங்க?"

எட்டுப் பேரும் விலகினார்கள். தூண் மட்டும் என்னோடு நின்றது.

"நீங்க ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு பையி எடுத்துகோங்க. ரெண்டு பைக்கும் ஒரே துட்டு. ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு இன்னா வேணுமோ, ஒரு பைக்கு காஞ்சிபுரத்துல வாங்குங்க, ஒரு பைக்கு ஆரணியில வாங்குங்க. இங்க கொண்டாந்து மேச மேல வைங்க. காயிதத்துல எழுதியாந்தா நான் படிக்க மாட்டேன். காயிதம் இன்னா வேணா சொல்லும்."

ஒன்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் பஸ்சில் நானும் மல்லிகாவும் காஞ்சிபுரம் போனோம். நான் அங்கே வழக்கமாக வாங்கிய கடைகளிலேயே வாங்கினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, தலைவலி மாத்திரை, கத்தரிக்காய், சிறுகீரை, காலைக்கு இட்லி. மதியம் திரும்பி வந்து அதே வரிசையில் ஆரணியில் வாங்கினோம். கீரையும் காயும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆரணிக்கு நேராக வருகிறது. கீரைக் கட்டு காஞ்சிபுரத்துக் கட்டைப்போல இரண்டு பங்கு இருந்தது. கத்தரிக்காய் பையில் அடங்கவில்லை. இட்லி மூன்று கூட வந்தது.

வீட்டில் இரண்டு பையையும் கொட்டிப் பார்த்த மல்லிகாவுக்கு முகம் செத்துவிட்டது.

"அக்கா, இத்த இப்பிடியே எடுத்துகினு போனா அந்தாளு நம்மள பாத்து சிரிப்பான்."

"இன்னா பண்ண சொல்ற?"

"கீரயில பாதிய உருவிடு. நாலு கத்திரிக்காவ இங்கியே வெச்சி கொழம்பு வை. இட்லி மூணையும் நான் துன்னுட்றேன். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சா இன்னா? உன்னியா கேக்கப் போறான்?"

"என்னியத்தான் கேப்பாரு, மல்லி. நான்தான் ரெண்டு ஊர்லயும் இருந்தவ."

அவள் இட்லி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் அதற்குப் பதிலாக இன்னொன்று வாங்கிவந்து வைத்தேன். "நீ தேறவே மாட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் கூலி ஏறுமா ஏறாதா என்பது அந்தக் கீரைக் கட்டில் இருந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் கையில் சாம்பல் தொட்டு வேலை செய்தவளுக்குப் பொய் பிணைப்பு வராது. தடிப்பு தெரிந்துவிடும்.

ஆரணிப் பையில் நான் இன்னும் ஒரு பொருள் போட்டேன். மல்லிகாவுக்குத் தெரியாது.

மறுநாள் மேனேஜர் மேசையைக் காலி செய்து வைத்திருந்தார். நான் இரண்டு பையையும் கவிழ்த்து, ஒவ்வொரு பொருளையும் ஜோடி ஜோடியாக வைத்தேன். அரிசிக்கு எதிரில் அரிசி, சோப்புக்கு எதிரில் சோப்பு. பென்சில் அவர் ஜோபியிலேயே இருந்தது.

அவர் பொருளைத்தான் பார்த்தார். எண்ணெய்ப் பாக்கெட்டைத் தொட்டார், எதிரில் இருந்ததைத் தொட்டார். "ஒண்ணு." சோப்பு. "ஒண்ணு." மாத்திரை. "ஒண்ணு." அரிசி, பருப்பு, அவையும் ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு கீரைக்கு வந்தார். ஆரணிக் கட்டைத் தூக்கி, காஞ்சிபுரத்துக் கட்டின்மேல் வைத்தார். அது மறைந்துபோனது.

"இன்னாம்மா இது?"

"கீரைங்க."

"அது தெரியுது. இவ்ளோ வித்தியாசத்த நீயே எடுத்தாந்து வெக்கிற?"

"இருக்கறத்ததானே வெக்கணும்."

இட்லியை எண்ணினார். இங்கே மூன்று கூட. "பாத்தியா? இட்லி வெலையே கம்மி. அப்ப கூலியும் கம்மிதானே?"

அப்போது எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அந்த இட்லிக்கார அம்மா எங்கள் தெருவில்தான் இருந்தாள். விடியும்முன் மாவு கரைப்பாள். நான் அவளைத்தான் நினைத்துக்கொண்டு பேசினேன்.

"அந்தம்மா ஏங்க கம்மியா விக்குது? மாவு கம்மி வெலைக்கு கெடைக்கிறதாலயா? அரிசி ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதானே, இப்பதான் நீங்களே தொட்டுப் பாத்தீங்க. அங்கத்திய வெல சொன்னா எங்க தெருவுல யாரும் வாங்க மாட்டாங்க. எங்க கையில துட்டு இல்ல. எங்க கூலி கம்மியா இருக்கறதால இட்லி கம்மி. இட்லி கம்மியா இருக்கறதால கூலி கம்மின்னு நீங்க சொல்றீங்க. எது மொதல்லங்க?"

கொட்டகையில் ஒரு தறிகூட ஓடவில்லை. மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருடத்தில் அப்போதுதான் அவர் கண் என்ன நிறம் என்று பார்த்தேன். லேசாகப் பூ விழுந்திருந்தது.

"அப்பால?" என்றார்.

ஆரணிப் பையின் அடியிலிருந்து அந்தப் பொருளை எடுத்து வைத்தேன். கசங்கிய வேலூர் பஸ் டிக்கெட், போகவர இரண்டு.

"கண்ணு மங்கினா காஞ்சிபுரத்துல ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் காட்டினேன். இங்க வேலூர் போறேன். அதுவும் எங்க வாரச் செலவுதாங்க. வாரம் தவறினா மாசம். அன்னிக்குக் கூலியும் போவுது."

அவர் டிக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். கீரைக் கட்டின் மேல் வைத்தார். மல்லிகா எனக்குப் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு குத்து விட்டாள், சந்தோஷத்தில்.

அங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

"சரிம்மா. பைக்குள்ள வராத ஒண்ணு கீது. வாடக?"

மல்லிகா இந்தமுறை குத்தவில்லை, கிள்ளினாள். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

"இங்க பாதிதாங்க" என்றேன்.

மேனேஜர் பென்சிலை எடுத்தார்.

ஒரு வாரத்தில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது. ஆரணிக்கும் கூலி ஏறியது. காஞ்சிபுரத்துக்குச் சமமாக இல்லை, வாடகை வித்தியாசத்துக்கென்று கொஞ்சம் குறைவு. ஆனாலும் நாங்கள் கனவிலும் நினைக்காத ஏற்றம். கொட்டகைச் சுவரில் தகரப் பலகை ஒன்று மாட்டினார்கள். பச்சைப் பெயின்ட்டில் இரண்டு வரி. மேலே காஞ்சிபுரம், கீழே ஆரணி. மல்லிகா எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தாள். "எங்கக்கா வாய் தொறந்தா முத்து, மூடத் தெரியாததுதான் பேஜாரு" என்றாள். நான் அன்று ரொம்பச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் தெருமுனைக் குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் பாதி வாடகை? காஞ்சிபுரத்து அறைக்கு வாசலிலேயே குழாய். இங்கே ஒரு நாளைக்கு எட்டுக் குடம். கக்கூஸ் கிடையாது, ஏரிக்கரைக்குப் போக வேண்டும். மழை வந்தால் ஓட்டுக்குக் கீழே மூன்று பாத்திரம். கொடுக்காத பாதி வாடகையை நான் இடுப்பில் சுமந்துகொண்டுதானே இருக்கிறேன்? இட்லிக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு வாடகைக்குச் சொல்லத் தெரியவில்லை. குடத்தை இறக்கிவிட்டு, நேராகப் போய் மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

போகவில்லை. பலகை மாட்டியாகிவிட்டது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், மறுபடியும் அந்த மேசை முன்னால் யார் நிற்பது என்று விட்டுவிட்டேன். என் கூச்சத்தால் எனக்கு நிறைய நஷ்டம் வந்திருக்கிறது. அதெல்லாம் என்னோடு போனது. இது ஒன்று மட்டும் என்னோடு போகவில்லை.

மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். நானும் கண் பற்றாமல் நாலு வருடத்துக்கு முன்பு நின்றுவிட்டேன். மல்லிகா நிற்கவில்லை. இப்போது அவள்தான் ஆரணியில் பிணைப்பு மேஸ்திரி. தறிக்காரர்கள் போன் பண்ணினால் ஆள் அனுப்புவாள். உள்ளூரில் பெண்கள் பற்றவில்லை என்று தேசூர், தெள்ளார் பக்கத்திலிருந்து வரவழைக்கிறாள். அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. சாக்பீஸில் இரண்டு வரி. மேலே உள்ளூர், கீழே வெளியூர். நான் போய்ப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கலைவாணி வந்துபோன மறுவாரம் போனேன்.

மல்லிகா வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. அன்று ஒன்றில் அவசரப் பாவு. வலப்பக்கம் மல்லிகாவின் மருமகள் சுதா, இடப்பக்கம் கலைவாணி. நானும் மல்லிகாவும் எத்தனையோ வருடம் உட்கார்ந்த மாதிரியே இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டாயிரம் இழை. ஒரே பாவு. வலப்பாதிக்கு ஒரு கூலி, இடப்பாதிக்கு ஒரு கூலி. காஞ்சிபுரமும் ஆரணியும் இரண்டு மணி நேர தூரத்தில் இருந்ததால் எங்கள் கண்ணில் படாதது, இங்கே ஒரே தறியில் முழங்கைக்கு முழங்கை உட்கார்ந்திருந்தது.

"வாக்கா, வா" என்றாள் மல்லிகா. "தேசூர்க்காரி பத்தவெச்சிட்டாளா?"

"நானேதான் வந்தேன்."

"நீயே சொல்லு, நியாயத்த. அவங்களுக்கு வாடகையே கெடையாது, சொந்த ஊடு. கொல்லையில முருங்க. மாடு கீது. லேடீஸுக்கு பஸ்சும் ஃப்ரீ. அங்க இன்னா செலவு?"

கலைவாணி தலையைத் தூக்காமல், திருகிக்கொண்டே சொன்னாள். "மாடு எங்க மாமனாருடைய தம்பியுது. பால நாங்களும் துட்டு குடுத்துதான் வாங்கறோம். ஃப்ரீ பஸ்சு காலையில ஒண்ணு வரும். அத்த உட்டா பிரைவேட்டுதான். வெங்காயம் உங்க ஊர்லேர்ந்துதான் எங்க ஊருக்கு வருது மல்லிகாக்கா. வர்ற வண்டிக் கூலியும் அதுமேல குந்திகினுதான் வருது."

சுதா பக்கென்று சிரித்துவிட்டு, மாமியாரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னா வாயி பாரு" என்றாள் மல்லிகா. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "சரிக்கா. உன் வழியிலயே வரேன். ரெண்டு பையி எடுத்துகினு தேசூர் போ. வாங்கியாந்து வை, பாக்கலாம்."

"இந்தவாட்டி பையி எடுக்கமாட்டேன், மல்லி."

"ஏன், கெய்வி ஆயிட்டியா?"

"அன்னிக்கு அந்தாளு கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். அதான் தப்பு. நான் கீர துன்றனா, மண்ணு துன்றனா, அத்த எதுக்கு அவரு கேக்கணும்? பாவு எப்பிடி கீதுன்னுதானே கேக்கணும்?"

நான் சாம்பல் கிண்ணத்தை இழுத்து விரலைத் தொட்டுக்கொண்டு இரண்டு பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். நடுவில் மிச்சமிருந்த இழைகளில் ஒரு இருபது, முப்பது எடுத்துத் திருகினேன். கண் சரியாகத் தெரியவில்லை. விரலுக்கு ஞாபகம் இருந்தது. மற்றதை அவர்கள் முடித்தார்கள். முடிகிறவரை காத்திருந்தேன்.

"இப்ப கண்ண மூடு, மல்லி. மேனேஜர் பாத்த மாதிரி பாரு. எது ஆரணி, எது தேசூர், சொல்லிடு. சொல்லிட்டீன்னா நீ போட்ட கூலிதான் சரின்னு நானே இந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போயிட்றேன்."

அவளுக்கு விளையாட்டு என்றால் விட மாட்டாள். கண்ணை மூடினாள். இடது ஓரத்திலிருந்து விரலை ஓட்டினாள். ஓடியது, ஓடியது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கலைவாணி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் வந்ததும் விரல் நின்றது. இன்னும் ஒருமுறை பின்னால் போய் முன்னால் வந்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது.

"இதோ!" என்று கத்தினாள். "இங்க தடிப்பு கீது. தேசூரு! நான் சொல்லல?"

"கண்ண தொற."

திறந்தாள். எங்கே விரல் நிற்கிறது என்று பார்த்தாள். நான் பிணைத்த இருபது, முப்பது இழை.

முதலில் சுதாதான் சிரித்தாள். பிறகு கலைவாணி. மல்லிகா என்னை முறைத்தாள், முறைப்பு நிற்கவில்லை, அவளும் சிரித்துவிட்டாள்.

"இங்க யாருக்கா தூங்கினது?" என்றாள், மேனேஜர் குரலில். "கூலிய உனக்குத்தான் கொறைக்கணும்."

"கொறச்சிக்கோ. தடிப்புக்குக் கொறச்சிக்கோ. ஊருக்குக் கொறைக்காத."

அவள் பாவின்மேல் இன்னும் ஒருமுறை விரலை ஓட்டினாள். தறிக்காரர்களிடம் பேச வேண்டியிருக்கும், எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவளுக்கு மிஞ்சுவதிலும் குறையும் என்றெல்லாம் சொன்னாள். எல்லாம் உண்மைதான். நான் மறுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் சொன்னாள்:

"தேசூருக்கு சரி. தெள்ளார்லேர்ந்து ரெண்டு பேரு வராங்களே?"

"அவங்களும்தான்."

"நாளைக்கு வெம்பாக்கத்துலேர்ந்து வந்தா?"

"மல்லி!"

"சரி சரி. போய் அழி."

கதவை இழுத்தேன். கரும்பலகையில் கீழ் வரியை என் விரலாலேயே அழித்தேன். விரலில் இன்னும் சாம்பல் இருந்ததால் சாக்பீஸ் சுலபமாகப் போனது. 'உள்ளூர்' என்ற சொல்லையும் அழித்துவிட்டு, கூலியை மட்டும் விட்டேன். என் வாழ்நாளில் அடுத்தவர் வீட்டுப் பலகையில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

அது நடந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நாலைந்து தறிக்காரர்கள் மல்லிகாவிடம் சண்டை போட்டார்கள், இரண்டு பேர் வேறு ஆள் தேடிப் போனார்கள், ஒருவர் திரும்பி வந்துவிட்டார். பலகை அப்படியே இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் கலைவாணிதான் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தாள். 'மேனேஜர் கண்ணுல பூ விழுந்தது எதுக்கு, அடிச்சிடலாமா?' என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

பச்சைப் பெயின்ட் பலகை இன்னும் அந்தப் பழைய கொட்டகைச் சுவரில்தான் தொங்குகிறது. கூலியின் எண்ணை நாலைந்து தடவை மாற்றி எழுதியிருக்கிறார்கள், இரண்டு வரியும் அப்படியே. மேலே காஞ்சிபுரம், கீழே ஆரணி. இப்போது முதலாளியின் மகன் பார்த்துக்கொள்கிறார். நல்ல பிள்ளை என்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை அவரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். மல்லிகாவும் வருகிறாள். "நீ போயி தூண் பின்னால நின்னுகினு இருப்ப, நான் வரேன்" என்கிறாள்.

பெயின்ட் விரலால் போகாது என்று எனக்குத் தெரியும். பை எடுத்துப் போகவில்லை. ஒரு பாவைத்தான் எடுத்துப் போகிறோம், இடப்பாதி கலைவாணி பிணைத்தது, வலப்பாதி சுதா. நடுவில் நான் கை வைக்கவில்லை.